பால்மரத்தின் முன் ஒரு பாடம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுக் காலம் தொய்வின்றி இயங்குவது எளிய செயலன்று. திங்கள்தோறும் கூடிக் கவிதை படிப்பதும், படித்த கவிதையை முகத்துக்காகப் பாராட்டாமல் நிறைகுறை ஆய்வதும், புதிதாக எழுத வருவோர்க்கு இடங்கொடுப்பதும் பொறுமையை வேண்டி நிற்கும் பணிகள். அப்பணிகளைச் செய்துவந்த வட்டத்தின் விழா மேடையில், உயர்நிலைப்பள்ளி மாணவர் தாவரவியல் பூங்காவுக்குச் செல்லும் கற்றல் பயணத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் வினா எழலாம். செடிகொடிகள் அறிவியலாசிரியரின் துறை. கவிஞர்க்கு அங்கே என்ன வேலை என்றும் கேட்கலாம்.

சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் நிற்கும் ஒரு மரமே இவ்வினாவுக்கு விடை. அறிவியலாசிரியர் ஒருவரே அம்மரத்தின் கதையைச் சொல்லி முடித்துவிட இயலாது. வரலாற்றாசிரியர் உடன் வந்தாலும் ஒரு பகுதி எஞ்சி நிற்கும். அப்பகுதி தமிழில் இருக்கிறது. நூல்களில் இரப்பர் மரம் என வழங்கும் அதற்கு, மலாயாத் தோட்டங்களில் உழைத்த தமிழர் இட்ட பெயர் பால்மரம்.

பூமலை

அப்பூங்காவுக்கும் தமிழர் ஒரு பெயர் இட்டுள்ளனர். சிங்கப்பூர்த் தமிழர் அதனைப் பூமலை என்றே அழைக்கின்றனர். ராஃபிள்ஸ் 1822-இல் இன்று ஃபோர்ட் கேனிங் எனப்படும் குன்றில் அமைத்த முதல் தோட்டம் 1829-இல் கைவிடப்பட்டது. இப்போதுள்ள பூங்கா 1859-இல் தோட்டக்கலைச் சங்கம் ஒன்றால் தங்ளின் பகுதியில் தோற்றுவிக்கப்பெற்று, 1874-இல் அரசின் பொறுப்புக்கு வந்தது. இன்று 82 ஹெக்டர் பரப்பில் விரிந்துள்ள இது, 2015-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது.

பதின்மூன்று முதல் பதினாறு வயதுடைய மாணவர்கள் பேருந்துகளில் வந்து இறங்குகின்றனர். கையில் பயிற்சித்தாள். ஐந்து வெள்ளித் தாளில் அச்சிடப்பெற்ற தெம்புசு மரத்தைக் கண்டு வியக்கின்றனர். அன்னக்குளத்தின் கரையில் படம் எடுத்துக்கொள்கின்றனர். 1981-இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட வாண்டா மிஸ் ஜோக்கிம் என்னும் ஆர்க்கிட் மலரைக் காண்கின்றனர். நகரின் நடுவே ஏறத்தாழ 6 ஹெக்டர் அளவில் எஞ்சியிருக்கும் மழைக்காட்டினுள் நடக்கின்றனர். இலையின் அமைப்பு, வேரின் வகை, விதை பரவும் முறை ஆகியவற்றைத் தாளில் நிரப்புகின்றனர். இவை அனைத்தும் வேண்டத்தக்கவையே. வகுப்பறைப் படத்தில் கண்ட இலையைக் கையால் தொட்டறிவது கல்விக்கு உரமூட்டும்.

ஆனால் பூவும் கனியும் நிறமும் மணமும் போட்டியிடும் அவ்விடத்தில் பால்மரம் எவர் கண்ணையும் எளிதில் கவர்வதில்லை. சாம்பல் படர்ந்த நேரான தண்டு. ஒரு காம்பில் மும்மூன்றாக இலைகள். பெரிதாகச் சொல்வதற்கில்லாத சிறு மஞ்சள் பூக்கள். மாணவர் அதன் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவர். இந்த நாட்டிலும் அண்டை நாட்டிலும் தமிழர் குடியேறி வாழ நேர்ந்த காரணங்களுள் மிகப் பெரியதான ஒன்றைக் கடந்து செல்கிறோம் என்பதை அவர்கள் அறியார்.

விதையின் வழி

இம்மரத்தின் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான் காடு. ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் 1876-இல் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனை அடுத்த கியூ பூங்காவுக்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் முளைத்தவை 3,000-க்கும் குறைவு. அக்கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. சில 1877-இல் சிங்கப்பூர் வந்து பூமலையில் வேரூன்றின.

கன்று வந்ததனால் தொழில் வந்துவிடவில்லை. 1888-இல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, இம்மரத்தைப் பயிரிடுமாறு தோட்டக்காரர்களைச் சலிப்பின்றி வேண்டிவந்தார். காப்பியில் பணம் கண்டிருந்தவர்கள் செவிசாய்க்கவில்லை. ‘பித்தர் ரிட்லி’ என்னும் பட்டமே கிடைத்தது. சட்டைப்பையில் விதைகளை வைத்துக்கொண்டு காண்போரிடமெல்லாம் நீட்டினார் என்று அவரைப் பற்றிக் கூறுவர். 1896-இல் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான் என்னும் சீனப் பெருமகனார் முதன்முதலில் வணிக நோக்கில் இரப்பர் பயிரிட்டார். பிறகு மோட்டார் வண்டிகளின் சக்கரங்களுக்கு இரப்பர் வேண்டியதாயிற்று, விலை உயர்ந்தது, காடுகள் அழிந்தன, தோட்டங்கள் எழுந்தன. 1920-ஆம் ஆண்டு வாக்கில் உலக இரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து சென்றது.

இவ்வளவும் மாணவர்க்குச் சொல்லப்படும் கதை. கேட்கச் சுவையான கதையுங்கூட. விதை கொணர்ந்தவர் ஒருவர். அதில் நம்பிக்கை வைத்தவர் ஒருவர். முதலில் நட்டவர் ஒருவர். மூவர்க்கும் பெயர் உண்டு. மரத்திலிருந்து நாள்தோறும் பால் எடுத்தவர்க்கு இக்கதையில் பெயரில்லை. பல நேரங்களில் அவர் கதைக்குள்ளேயே வருவதில்லை.

வெட்டின் நுட்பம்

ரிட்லியின் பெருஞ்சாதனை விதையைப் பரப்பியது மட்டுமன்று. மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை 1890-களில் அவர் செய்துகாட்டினார். அமேசான் காட்டில் கோடரியால் கொத்திப் பால் எடுத்தனர்; மரம் புண்பட்டு நலிந்தது. பட்டையை மெல்லியதாகச் சீவி, அடுத்த முறை அதே வெட்டுவாயை மீண்டும் சிறிதளவு சீவினால், பால் குறையாமல் முன்னினும் மிகுதியாகச் சுரக்கும் என்பதை ரிட்லி கண்டறிந்தார்.

கண்டறிந்தவர் ரிட்லி. அதனை ஒவ்வொரு விடியலிலும் நூற்றுக்கணக்கான மரங்களில் நிகழ்த்தியவர் பால்வெட்டுத் தொழிலாளி. அந்த வேலையின் நுட்பத்தை அறியாதவர் அதனை வெறும் உடலுழைப்பு எனக் கருதிவிடுவர். பால் ஓடும் நுண்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில் உள்ளன. உள்ளே செல்லச்செல்ல அவை நெருக்கமாகின்றன. அவற்றை அடுத்து, மரத்தை வளரச்செய்யும் மெல்லிய வளர்படை இருக்கிறது. உளி அந்தப் படையைத் தொட்டுவிட்டால் மரம் காயப்படும். அவ்விடத்தில் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளர்ந்து, பின்னர் வெட்டுவதற்கு உதவாமற் போகும். மேலோட்டமாக வெட்டினாலோ பால் போதிய அளவு வராது. வளர்படைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இருக்கும்போதே உளி நின்றுவிட வேண்டும். அளவுகோல் இல்லை. விளக்கு வெளிச்சத்தில், கையின் உணர்வொன்றே துணை.

வெட்டு இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழ்நோக்கி, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் அமைய வேண்டும். பால்குழாய்கள் நேர்குத்தாக இல்லாமல் சற்றே சாய்ந்து செல்வதால், இந்தச் சரிவில் வெட்டினால்தான் மிகுதியான குழாய்கள் திறக்கும். விடியற்காலக் குளிர்ச்சியில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். அப்போதுதான் பால் நன்கு ஓடும். வெயில் ஏறியபின் ஓட்டம் தளரும். இருளில் பெரட்டுக்கு நின்று, பெயர் கொடுத்து, நிரைக்குப் போய்ச்சேர வேண்டியிருந்த காரணம் இதுவே. மழை வந்தால் பட்டை நனைந்து பால் வழிந்து வீணாகும். அன்றைய வேலையும் போகும்.

இச்செய்திகளை மாணவர்க்கு மரத்தின் முன்னேயே விளக்கலாம். பூங்கா மரத்தைக் கீறுதல் கூடாது. கீறவேண்டிய தேவையும் இல்லை. தண்டின்மேல் விரலால் ஒரு சரிவுக் கோட்டை வரைந்து காட்டினால் போதும். உயிரியல் வகுப்பில் படித்த வளர்படை என்னும் சொல், ஒரு மூதாட்டியின் கைப்பழக்கத்தோடு அப்போது சேர்ந்துகொள்ளும். பாட்டி படிக்காதவர் என்று எண்ணியிருந்த மாணவன், தான் இப்போது பாடமாகப் படிப்பதை அவர் கையால் அறிந்திருந்தார் என்பதை உணர்வான்.

மரமும் செய்தியும்

இவ்விடத்தில் தமிழிலக்கணம் கைகொடுப்பது வியப்புக்குரியது. தொல்காப்பியர் திணைகளுக்குரிய கருப்பொருள்களை வரிசைப்படுத்துமிடத்தில், தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை ஆகியவற்றோடு ‘செய்தி’ என்பதையும் வைக்கிறார். செய்தி என்பது அந்நிலத்து மக்களின் தொழில். மரமும் தொழிலும் அங்கே ஒரே வரிசையில் அமர்ந்துள்ளன. ஒரு நிலத்தின் மரத்தைச் சொல்லி, அங்கு வாழ்வோரின் தொழிலைச் சொல்லாது விடுவது திணை நெறிக்கு முழுமையாகாது.

தாவரவியல் பூங்காவின் பெயர்ப்பலகைக்கு இந்தக் கடமை இல்லை. அறிவியற்பெயர், குடும்பம், தாயகம் ஆகியவற்றைச் சொல்வது அதன் பணி. அப்பணியை அது செவ்வனே செய்கிறது. பலகை நிறுத்தும் இடத்திலிருந்து தொடங்க வேண்டியவர் தமிழாசிரியர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை அடுக்கியுள்ளார் என்று தேர்வுக்கு எழுதும் மாணவனிடம், அப்புலவரின் காலத்துக்குப் பிறகு தமிழர் வாழ்வில் புகுந்த மரங்களுக்கும் இலக்கியத்தில் இடமுண்டா என்று கேட்கலாம்.

நாகலிங்க மரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதுவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததே. அதன் மலரில் இலிங்கத்தையும், அதன்மேல் கவிந்த நாகத்தின் படத்தையும் கண்ட தமிழர், கோயில் வளாகங்களில் நட்டு அதனைத் தமக்குரியதாக்கிக்கொண்டனர். அதே கண்டத்திலிருந்து வந்த பால்மரமோ கோயிலுக்குச் செல்லவில்லை. அது வயிற்றுப்பாட்டின் மரமாயிற்று. தமிழர் அதனை வணங்கவில்லை, அதனோடு வாழ்ந்தனர். பயன்பாட்டிலிருந்து பிறந்த சொற்கள் பல அதனைச் சுற்றி வளர்ந்தன. பால் வடியும் கிண்ணம் மங்கு. ஒருவர் பொறுப்பில் வெட்ட விடப்பட்ட மரவரிசை நிரை. வெட்டுவாயில் உறைந்து ஒட்டியிருப்பது ஒட்டுப்பால். விடியலில் ஆள் கணக்கெடுப்பு பெரட்டு. கணக்கெழுதுபவர் கிராணி. வரிசை வீடு லயம். இவற்றுள் சில தூய தமிழ். சில பிறமொழியிலிருந்து வந்து தமிழ்நாவில் தேய்ந்து வடிவம் பெற்றவை. அகராதியில் தேடினால் இந்தப் பொருளில் எல்லாச் சொற்களும் கிடைத்துவிடா.

இச்சொற்களின் ஆயுள் இப்போது குறைந்து வருகிறது என்பதே கவலைக்குரியது. தென்னிந்தியத் தொழிலாளரை மலாயாவுக்குக் கொண்டுவந்த ஒப்பந்தக்கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. கங்காணிகள் வழி ஆள்சேர்த்தல் தொடர்ந்தது. உதவிபெற்றுச் செல்லும் கூலியாட்களின் குடிபெயர்வை இந்திய அரசு 1938-இல் தடைசெய்தது. அதற்குள் இலட்சக்கணக்கான தமிழர் தோட்டங்களில் குடும்பமாக வாழத் தொடங்கியிருந்தனர். மலாயா 1957-இல் விடுதலை பெற்றபின் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பின்னர் பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை எழுந்தது. வேறு பல இடங்களில் வீடமைப்புப் பேட்டைகள் எழுந்தன. சிங்கப்பூரில் செம்பவாங், நீ சூன் வட்டாரங்களில் இருந்த தோட்டங்களும் நகராகிவிட்டன. மக்கள் இடம் மாறினர், தொழில் மாறினர். பிள்ளைகள் படித்து உயர்ந்தனர், அது வரவேற்கத்தக்கதே. ஆனால் உளி பிடித்த கைகள் ஒவ்வொன்றாக ஓய்கின்றபோது அந்தச் சொற்களும் உடன் செல்கின்றன. ஒரு சொல் மறைந்தால் அதனுள் இருந்த கைவினையறிவும் மறையும்.

கவிஞர் கடன்

சதாசிவப் பண்டிதர் இயற்றிய சிங்கைநகர் அந்தாதி 1887-இல் அச்சேறியது. ரிட்லி பூங்காவின் பொறுப்பேற்றது அதற்கு அடுத்த ஆண்டு. இந்நிலத்தில் தமிழ்க் கவிதை அச்சேறிய காலமும் பால்மரம் வேரூன்றிய காலமும் ஒன்றேயாம். தோட்டத்து மக்கள் தாமே பாடிய நாட்டுப்பாடல்கள் தொடங்கி, பின்வந்த மரபுக்கவிதையும் புதுக்கவிதையும் வரை பால்மரம் இடம்பெற்றுள்ளது. முரசு நெடுமாறன் தொகுத்து 1997-இல் வெளிவந்த மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம் நூறாண்டுக் கவிதைகளை ஒருசேர வைத்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்து கண்டு எழுதிய அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ நாவல், தோட்டத்து வாழ்வைத் தாயகத்து வாசகர்க்கும் அறிமுகப்படுத்தியது. பாரதியார் ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களை நினைந்து பாடியதும் இவ்வரிசையில் முன்னோடியாக வைத்து எண்ணத்தக்கது.

இருப்பினும் பால்மரத்தைப் பாடும் கவிதைகளில் ஒரு பழக்கம் படிந்துவிட்டதை மறுக்க இயலாது. மரம் வடிப்பது பால், மனிதன் வடிப்பது கண்ணீர். மரத்தின் வெண்குருதி, தொழிலாளியின் செங்குருதி என்னும் ஒப்புமைகள் மேடைதோறும் ஒலிக்கின்றன. முதலில் சொன்னவர்க்கு அது நெஞ்சிலிருந்து வந்தது. அடிமைப்பட்ட உழைப்பும், நோயும், அற்பக் கூலியும், போர்க்காலத்தில் சயாம் மரண இரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட கொடுமையும் உண்மையே. அத்துயரை மறைப்பது வரலாற்றுக்குச் செய்யும் தீங்கு. ஆயினும் நூறாவது முறை கேட்கும்போது உவமை மட்டும் நிற்கிறது, மனிதர் மறைந்துவிடுகின்றனர். உயர்நிலைப்பள்ளி மாணவனுக்கு அதைக் கொடுத்தால், தன் முன்னோர் அழுதனர் என்பதை மட்டும் அறிந்துகொள்வான். இரக்கம் வரும், மதிப்பு வருமா என்பது ஐயமே.

துயரோடு திறனையும் சேர்த்துச் சொல்லும் கவிதையே இப்போது தேவைப்படுகிறது. ஒரு மில்லிமீட்டரில் உளியை நிறுத்திய கையைப் பாடவேண்டும். மழைக்கு முன் மங்குகளைத் திரட்டிய விரைவைப் பாடவேண்டும். இருளில் தன் நிரையின் ஒவ்வொரு மரத்தையும், அதன் முடிச்சையும் வளைவையும் அறிந்திருந்த நினைவாற்றலைப் பாடவேண்டும். அவ்வாறு பாடுதற்கு முதலில் மரத்தைக் காண வேண்டும். பால்மரக் காய் முற்றி வெயிலில் ஓசையுடன் வெடித்து, புள்ளியிட்ட வழவழப்பான மூன்று விதைகளைத் தொலைவில் எறியும் என்பதைக் காணாதவர், அம்மரத்தைப் பற்றி எழுதுவது பிறர் கவிதையைப் பார்த்து எழுதுவதாகவே முடியும். மாணவர்க்குச் சொல்லும் இவ்வறிவுரை கவிஞர்க்கும் பொருந்தும்.

பள்ளியும் வட்டமும்

இதற்கெனப் புதிய அமைப்போ பெரும்பொருளோ வேண்டியதில்லை. ஏற்கெனவே நடைபெறும் கற்றல் பயணத்தில் அரைமணி நேரத்தை மட்டும் தமிழுக்கு ஒதுக்கினால் போதும்.

முதலாவதாக, பயணத்துக்கு முந்திய வாரத்தில் மாணவர் வீட்டு முதியவரிடம் ஒரே ஒரு வினாவைக் கேட்டு வரலாம்: குடும்பத்தில் எவரேனும் தோட்டத்தில் வேலை செய்தனரா? சிலர் வீட்டில் பால்வெட்டியவர் இருப்பர். சிலர் வீட்டில் துறைமுகத்திலோ கடற்படைத்தளத்திலோ உழைத்தவர் இருப்பர். அண்மையில் குடியேறிய குடும்பத்து மாணவர் வெறுங்கையோடு வரலாம், அதில் குறையொன்றுமில்லை. கேட்ட சொற்களுள் ஒன்றைக் கொண்டுவருவது போதுமானது.

இரண்டாவதாக, பூமலையில் பால்மரத்தின் முன் அறிவியலாசிரியரும் தமிழாசிரியரும் ஒருங்கே நிற்க வேண்டும். பட்டையின் படைகளை ஒருவர் விளக்க, அப்படைகளைக் கையால் அறிந்தவரின் தொழிலை மற்றவர் விளக்கலாம். தொழில் செய்த முதியவர் எவரேனும் வர இசைந்தால், இருவரும் சற்றே ஒதுங்கி அவரைப் பேசவிடுதல் நன்று. மேடைத்தமிழில் அவரைப் பேசவைக்க முயலாமல், அவர் சொல்லும் சொல்லை அவ்வாறே எழுதிக்கொள்ளப் பழக்க வேண்டும்.

மூன்றாவதாக, மாணவரை உடனே கவிதை எழுதச் சொல்லுதல் வேண்டா. கண்டதைப் பத்து வரியில் உரைநடையாக எழுதட்டும். உவமை வேண்டாம் என்று விலக்கினும் தவறில்லை. தண்டின் நிறம், இலையின் எண்ணிக்கை, கேட்ட ஒரு சொல், அச்சொல்லைச் சொன்னவரின் கை ஆகியவை அதில் இருந்தால் போதும். கவிதை வரவேண்டியவர்க்கு அது பிறகு தானே வரும்.

இவற்றுள் வட்டத்துக்குரிய பங்கு தெளிவு. மாணவர் கொண்டுவரும் சொற்களையும் பத்து வரிகளையும் வாங்கிப் பாதுகாக்க ஓரிடம் வேண்டும். பள்ளியால் அது இயலாது. ஆண்டுதோறும் மாணவர் மாறுவர், ஆசிரியரும் மாறுவர். பத்தாண்டுகள் நிலைத்து நின்ற ஓர் இலக்கிய வட்டத்தால் இயலும். திங்கட்கூட்டத்தில் கால்மணி நேரம் ஒதுக்கி ஒரு சொல்லை எடுத்து ஆராயலாம். இருபதாம் ஆண்டு மலர் வெளிவருகையில், தோட்டத்துச் சொற்களின் தொகுப்பொன்று அதில் இடம்பெறுமானால், அது மாணவர் கைப்பட்ட தொகுப்பாக இருக்கும்.

பெயர்ப்பலகையில் இடமில்லாதவர்க்குப் பாட்டில் இடங்கொடுப்பது புலவர் மரபு. பால்மரத்தின் கீழ் நின்றவர்களை இன்னும் நினைவில் வைத்திருப்போர் சிலரேனும் இருக்கும்போதே அவ்விடத்தைக் கொடுத்தல் நன்று. காலம் நீண்டதன்று.

வட்டம் வளர்க, அதன் தமிழ்ப்பணி தழைக்க.